ஒரு முடி அகலத்தில் நாற்பது லேசர்

உங்கள் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அதன் தடிமன் எழுபது, எண்பது மைக்ரான் இருக்கும். இன்று நான் உங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டப்போகும் பொருளின் குறுக்களவு 2 மைக்ரான். வட்டமான சின்னஞ்சிறு தட்டு, ஒற்றைக் காலில் நிற்கிறது. முடியின் குறுக்கே நெருக்கி அடுக்கினால் நாற்பது தட்டுகள் வரை உட்காரும். அந்த நாற்பதும் நாற்பது லேசர்கள்!

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. இந்த லேசர் விழித்துக்கொள்ள, அது உள்ளே உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சக்தி ஒரு மைக்ரோவாட். வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையில் காட்டும் சிவப்புப் பாயின்டர் வெளியே விடும் ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதுவும் அறை வெப்பநிலையில், விட்டு விட்டு அல்ல, தொடர்ச்சியாக. கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்துக் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில், ஆஸ்கர் பெயின்டரின் ஆய்வுக்குழுவில், கார்த்திக் ஸ்ரீனிவாசனும் சகாக்களும் 2006-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையை முதல்முறை படித்த அன்று அலகைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பவும் பார்த்தேன். மில்லிவாட் அல்ல, மைக்ரோவாட்தான்.

இவ்வளவு குறைந்த தீனியில் ஒரு லேசர் எப்படி உயிர் வாழ்கிறது? அதன் சமையலறைக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். வாருங்கள், பின்கட்டு வழியாகவே போவோம். ஆனால் முதலில் லண்டனில் ஒரு தேவாலயத்தில் சற்று நின்றுவிட்டுப் போக வேண்டும்.

செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்துக்குள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் வட்டமான மாடம் ஒன்று வரும். குறுக்களவு முப்பது மீட்டருக்கு மேல். இந்தப் பக்கத்தில் ஒருவர் சுவரோரமாக வாயை வைத்துக் கிசுகிசுத்தால், நேர் எதிரே சுவரோரமாகக் காதை வைத்திருப்பவருக்கு அது பக்கத்தில் நின்று பேசியது போலக் கேட்கும். சுவரை விட்டு விலகி நிற்பவர் காதில் அவ்வளவாக விழாது. ‘கிசுகிசு மாடம்’ என்றே அதற்குப் பெயர்.

ஏன் இப்படி என்பதைப் பிடித்தவர் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு. அவர் செய்த சோதனை இன்று நினைத்தாலும் கைதட்டத் தோன்றுகிறது. பறவை கீச்சிடுவது போல மிக உச்சத்தில் ஒலிக்கும் ஒரு சின்ன ஊதல். அந்த ஒலியின் அலைநீளம் இரண்டு சென்டிமீட்டர்தான். காதுக்குப் பதில், ஒலி பட்டால் துடிக்கும் ஒரு எரிவாயுச் சுடர். இடையே வளைந்த ஒரு பரப்பு. ஊதல் ஒலிக்கும்போது சுடர் துடிக்கிறது. வளைவின் உட்புறத்தை ஒட்டி ஒடுங்கிய ஒரு தடுப்பை வைத்தால் போதும், துடிப்பு ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. அப்படியானால் ஒலி பரந்து போகவில்லை. சுவரை ஒட்டிய மெல்லிய பட்டையாக, சுவரைத் தடவிக்கொண்டே ஊர்ந்து போகிறது! 1910-இல் ராலே இதற்கான கணக்கையும் எழுதிக் கொடுத்தார்.

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் முதன்முறையாக இங்கிலாந்து போனார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனதைப் பிடித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். போன இடத்தில் செயின்ட் பால் மாடத்தில் சதர்லாந்து என்பவரோடு சேர்ந்து சோதனை செய்த கதையை யாரும் சொல்வதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். சுவரிலிருந்து நடுவை நோக்கி நகர நகர ஒலி நேராகக் குறைந்துகொண்டே போகவில்லை, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஊர் திரும்பியவர் பீஜப்பூர் கோல் கும்பஸின் கிசுகிசு மாடத்தையும் விடவில்லை. ராமன் அன்று காதால் கண்ட அந்த ஏற்ற இறக்கம் இருக்கிறதே, அதே வடிவம்தான் நம் 2 மைக்ரான் தட்டுக்குள் ஒளியிலும் வருகிறது. விளிம்பை ஒட்டி ஒரே வளையமாக ஒளி ஓடுவது ஒரு வகை. உள்ளே தள்ளி இரண்டாவது, மூன்றாவது வளையங்களும் சேர்ந்து ஓடுவது இன்னொரு வகை. நமக்கு வேண்டியது முதல் வகை.

ஆக, தட்டு என்பது ஒளிக்கான கிசுகிசு மாடம். கண்ணாடி பூசத் தேவையில்லை. தட்டின் பொருளில் ஒளிவிலகல் எண் 3-க்கு மேல், வெளியே வெறும் காற்று. விளிம்பில் சாய்வாக வந்து மோதும் ஒளி வெளியே போக முடியாமல் முழுசாக உள்ளேயே திரும்புகிறது. திரும்பி, மறுபடி மோதி, மறுபடி திரும்பி, வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. 1992-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மெக்கால், லெவி, ஸ்லஷர் முதலியோர் இந்த எண்ணத்தை முதல்முறை குறைகடத்தித் தட்டில் லேசராக்கிக் காட்டினார்கள். அவர்களுடைய தட்டுகளின் குறுக்களவு 3 முதல் 10 மைக்ரான். நூறு மைக்ரோவாட்டுக்கும் குறைவாக ஒளியைப் பாய்ச்சியே அவற்றை லேசராக்கினார்கள். அன்று அது பெரிய சாதனை. அதை நூறில் ஒரு பங்காக்க வேண்டுமென்றால் இரண்டு வேலை பாக்கி இருந்தது.

லேசரை ஓட்டைப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒழுகுவதைவிட ஊற்றுவது எப்போது மிஞ்சுகிறதோ, அந்தக் கணத்தில் லேசர் பிறக்கிறது. நம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் ஒளிமின் விளைவில் ‘பயன்தொடக்கம்’ என்று ஒரு நல்ல சொல்லை வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் த்ரெஷோல்டு என்பார்கள். அதைக் குறைக்க ஒரு வழி ஓட்டையை அடைப்பது, அதாவது தட்டின் விளிம்பை வழவழப்பாக்குவது. இன்னொரு வழி, பானையையே சின்னதாக்குவது. இந்த இரண்டாவதற்குத்தான் குவாண்டம் புள்ளிகள்.

கல்யாணப் பந்தியை நினையுங்கள். சாதாரணக் குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் உட்காரக் கணக்கில்லாத இலைகள் போட்டிருக்கிறார்கள். பாதி இலைகளாவது நிரம்பினால்தான் ஒளி பெருகத் தொடங்கும். அதுவரை பரிமாறுவதெல்லாம் வீண். எலக்ட்ரானை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நெருக்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்தால், ஒரு அணுவில் இருப்பது போல விரல்விட்டு எண்ணும்படியான இலைகளே மிஞ்சும். சட்டென்று நிரம்பிவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அரகாவாவும் சகாகியும் 1982-இலேயே இதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். ஆனால் அப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்வது யார்? இருபது நானோமீட்டர் அகலத்தில், லட்சக்கணக்கில்? எந்தக் கத்தியால் வெட்டினாலும் வெட்டிய இடமெல்லாம் காயமாகி, ஒளி தர வேண்டிய எலக்ட்ரான் அந்தக் காயத்தில் விழுந்து வீணாகிவிடும்.

விடை கிடைத்த விதம்தான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தது. புள்ளிகளை யாரும் செய்வதில்லை. அவை தாமாகவே முளைக்கின்றன!

பின்கட்டின் முதல் அறைக்கு வந்துவிட்டோம். கால்டெக் தட்டுக்கான படலம் கால்டெக்கில் வளர்ந்ததல்ல. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. பளபளக்கும் எஃகுக் கலன், சுற்றிலும் தடித்த போல்ட்டுகள், குழாய் குழாயாகத் திரவ நைட்ரஜன். உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதைப் போலப் பல லட்சம் கோடியில் ஒரு பங்கு. காலியம், இண்டியம், அலுமினியம், ஆர்செனிக் ஒவ்வொன்றும் தனித்தனி அடுப்பில் சூடாகி, அணு அணுவாகப் பறந்து வந்து, வேஃபர் என்னும் சுழலும் குறைகடத்தி வில்லை மேல் படிகின்றன. ஒவ்வோர் அடுப்பின் வாயிலும் ஒரு கதவு. கதவு திறந்தால் மழை, மூடினால் நின்றுவிடும். வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஓர் அணு அடுக்கு. மாலிக்யூலர் பீம் எபிடாக்ஸி என்று நீளமாகப் பெயர். வேலை செய்பவர்கள் எம்.பி.இ. என்பார்கள்.

இப்போது காலியம் ஆர்செனைடு தரை தயார். அதன்மேல் இண்டியம் ஆர்செனைடைத் தூவுகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. இண்டியம் ஆர்செனைடின் அணுக்கள் கொஞ்சம் பருமன். தமக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் இடைவெளி 7 சதவீதம் அதிகம். பதினைந்து பேர் பெஞ்சில் பதினான்கு பேர்தான் வசதியாக உட்கார முடியும், ஆனால் பதினைந்து பேரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறது. இரண்டாவது அடுக்கு முழுசாகப் படிவதற்குள், ஏறக்குறைய 1.7 அடுக்கு ஆனதும், பொறுமை போய்விடுகிறது. தட்டையாக இருந்த படலம் திடீரென்று குட்டிக் குட்டிக் குன்றுகளாகக் குவிந்துகொள்கிறது. குன்றின் உச்சியில் அணுக்கள் கொஞ்சம் கைகாலை நீட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஒவ்வொரு குன்றும் அடியில் இருபது நானோமீட்டர் அகலம், சில நானோமீட்டர் உயரம். அதுதான் குவாண்டம் புள்ளி. ஒரு சதுர மைக்ரானில் நூற்றுக்கணக்கில் முளைத்துவிடும். மார்கழி விடியலில் வாசலில் வந்து பார்த்தால், யாரும் வைக்காமலே புள்ளிகள் வைத்திருக்கின்றன!

அந்தக் கணத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். வேஃபரின் மேற்பரப்பை உரசினாற்போல ஓர் எலக்ட்ரான் கற்றையை அனுப்புகிறார்கள். அது எதிரே ஒளிரும் திரையில் கோலம் போடுகிறது. பரப்பு தட்டையாக இருக்கும்வரை திரையில் நெடுநெடுவென்று கோடுகள். குன்று முளைத்த நொடியில் கோடுகள் உடைந்து புள்ளிகளாகிவிடும். கலனுக்குள் எட்டிப் பார்க்க முடியாத ஆளுக்கு அந்தத் திரைதான் கண். கோடு உடைந்ததா, இண்டியம் கதவை மூடு! இந்த வகை வளர்ச்சியைப் பல்கேரியாவின் ஸ்ட்ரான்ஸ்கியும் கிராஸ்டனோவும் 1938-இலேயே கணக்கில் கண்டிருந்தார்கள்; அன்று லேசர் என்ற சொல்லே பிறக்கவில்லை. அந்த வழியில் முளைத்த புள்ளிகளை வைத்து முதல் லேசரை 1994-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ரஷ்யாவின் ஐயோஃபே நிறுவனமும் சேர்ந்து எரியவைத்தன.

தாமாக முளைத்த புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்குமா? இருக்காது. ஒன்று கொஞ்சம் தடி, ஒன்று கொஞ்சம் ஒல்லி. அதனால் ஒவ்வொன்றின் நிறமும் சற்று மாறும். நம் தட்டில் உள்ள புள்ளிகள் எல்லாம் சேர்ந்து 1,317 நானோமீட்டரைச் சுற்றிப் பரவலாக ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. கண்ணாடி இழையில் ஒளித்துடிப்புகள் அகன்று கலையாமல் போகும் அலைநீளமும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் தொலைத்தொடர்புக்காரர்களுக்குப் பிடித்த இடம்.

அடுத்த அறைக்குள் நுழையத் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை. கிளீன் ரூம். நம் தோலிலிருந்து உதிரும் ஒரு செதிள் நம் தட்டைவிடப் பெரிது என்பதால் இத்தனை கட்டுப்பாடு. வேஃபர் மேல் ரெசிஸ்ட் என்ற பிளாஸ்டிக் பூச்சைச் சுழற்றிப் பரப்பி, எலக்ட்ரான் கற்றையை எழுதுகோலாக்கி, வட்டங்கள் வரைகிறார்கள். எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் வட்டத்தின் ஓரம் அணுக்கணக்கில் சொரசொரப்பாகத்தான் இருக்கும். அதே சொரசொரப்பு தட்டிலும் இறங்கிவிட்டால் ஒளி அங்கங்கே சிதறி வெளியேறும். ஓட்டைப் பானை!

அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் இருக்கிறதே, அடுப்படியில் நிற்கும் எவருக்கும் புரியும். ரெசிஸ்ட்டைச் சூடாக்குகிறார்கள். அது லேசாக இளகுகிறது. இளகிய பாகு தன் ஓரத்தைத் தானே சீராக்கிக்கொள்கிறது. அச்சில் ஊற்றிய வெல்லம் ஆறும்போது மேற்பரப்பு பளிங்காவது போல. மனிதக் கையும் எலக்ட்ரான் கற்றையும் தர முடியாத வட்டத்தைப் பரப்பு இழுவிசை தந்துவிடுகிறது. அந்த அழகான வட்டத்தைக் கவசமாக வைத்துக்கொண்டு, குளோரின் கலந்த பிளாஸ்மாவால் சுற்றியுள்ள இடத்தை அரித்து எடுத்தால், கீழே ஒரு தூண் நிற்கும்.

தூண் இன்னும் தட்டாகவில்லை. ஒளி கீழே இறங்கி வேஃபருக்குள் ஓடிவிடாமல் இருக்க, தட்டு அந்தரத்தில் நிற்க வேண்டும். இங்கே ஹைட்ரோபுளோரிக் அமிலம் வருகிறது. கண்ணாடியையே கரைக்கும் அமிலம் என்பதால் பிளாஸ்டிக் குவளையில்தான் வைத்திருப்பார்கள். தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி எலும்பின் கால்சியத்தைத் தேடிப்போகும். அதனால் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவு முரட்டு அமிலத்துக்கு நுட்பமான ஒரு நாக்கு இருக்கிறது. அலுமினியம் அதிகம் கலந்த அடுக்கை ஆவலோடு தின்னும். அலுமினியம் குறைவாக உள்ள அடுக்கைத் தொடாது. படலத்தை வளர்க்கும்போதே இந்தக் குணத்தை நினைவில் வைத்து, தட்டாக வேண்டிய அடுக்கில் அலுமினியத்தைக் குறைத்து, அதன் அடியில் உள்ள அடுக்கில் கூட்டி வைத்திருக்கிறார்கள். நீர்த்த அமிலத்தில் முக்கினால் தட்டின் அடிப்பக்கம் எல்லாத் திசையிலும் உள்ளே உள்ளே கரைந்துபோய், நடுவில் மட்டும் ஒரு மெல்லிய கால் மிஞ்சும். சரியான நேரத்தில் எடுக்க வேண்டும். தாமதித்தால் காலும் கரைந்து தட்டு சரிந்துவிடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! மழை விட்ட காலையில் முளைத்த காளான் போல, கால் மைக்ரான் தடிமனில் ஒரு வட்டத் தட்டு, ஒல்லிக்காலில் நிற்கிறது. அதன் நடு உயரத்தில் புள்ளிகள் புதைந்திருக்கின்றன, வெளியே தெரியாது.

ஓட்டை எவ்வளவு அடைபட்டது என்பதைத் தரக்காரணி என்ற எண்ணால் சொல்வார்கள். ஆங்கில எழுத்து கியூவே அதன் பெயர். இதே குழு 2005-இல் வெளியிட்ட 4.5 மைக்ரான் தட்டில் அது 3,60,000 வரை போனது. நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தட்டுக்குள் நுழைந்த ஒளி வெளியே கசிவதற்குள் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் போல ஓடுகிறது. இரண்டு சென்டிமீட்டர்தானா என்று விட்டுவிடாதீர்கள். தட்டின் சுற்றளவு 14 மைக்ரான். ஆயிரம் முறைக்கு மேல் பிரதட்சிணம் செய்துவிட்டுத்தான் அந்த ஒளி வாசலைத் தாண்டுகிறது! அந்தத் தட்டு 17 மைக்ரோவாட் போல உறிஞ்சியதும் லேசரானது. மறு வருடம் தட்டு 2 மைக்ரானுக்குச் சுருங்கியது. சுருங்கினால் வளைவு கடுமையாகி ஒளி கசியும் என்று பயப்பட வேண்டிய இடத்தில், கியூ ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை நின்றது. பானையும் சின்னது, ஓட்டையும் சின்னது. ஒரு மைக்ரோவாட் அப்படித்தான் வந்தது.

இவ்வளவு இறுக்கமாகப் பூட்டிய மாடத்துக்குள் ஒளியை அனுப்புவதும் வெளியே எடுப்பதும் எப்படி? கதவு வைத்தால் ஓட்டையாகிவிடும். கதவு வைக்காமல் பேச ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாதாரணத் தொலைபேசிக் கண்ணாடி இழை, தடிமன் 125 மைக்ரான். அதை ஹைட்ரஜன் சுடரில் காட்டி, இரண்டு முனைகளையும் மோட்டார்கள் மெதுவாக இழுக்கின்றன. சோன்பப்டிக்காரர் சர்க்கரையை இழுப்பது போல இழை மெலிந்து மெலிந்து ஒரு மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். எப்போது நிறுத்துவது? இழைக்குள் ஒளியை அனுப்பி மறுமுனையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மெலியும்போது பல அலைகள் ஒன்றோடொன்று மோதி, திரையில் கோடு ஏறி இறங்கி ஆடும். போதுமான அளவு மெலிந்ததும் மற்ற அலைகளுக்கு இடமில்லாமல் போய் ஒன்றே மிஞ்சும். ஆட்டம் சட்டென்று நின்று கோடு நேராகிவிடும். நிறுத்து!

இத்தனை மெல்லிய இழையில் ஒளியின் ஒரு பகுதி கண்ணாடிக்கு வெளியே, காற்றில், இழையைச் சுற்றி ஒரு போர்வை போலப் போகிறது. அந்தப் போர்வையைத் தட்டின் விளிம்பிலிருந்து சில நூறு நானோமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால், தொடாமலே ஒளி தாவிவிடும். தட்டிலிருந்து இழைக்கும் அப்படியே. மோட்டார் மேடை பல பத்து நானோமீட்டர் அளவில் அடி எடுத்து வைக்கும். கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தால் இழை போய்த் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இழையில் அலைநீளத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், தட்டு விரும்பும் அலைநீளம் வரும்போது திரையில் ஒரு குழி விழும். பல சமயம் ஒரு குழி இல்லை, அக்கா தங்கை போல ஒட்டி இரண்டு குழிகள் விழும். வலஞ்சுழியாக ஓடும் ஒளியும் இடஞ்சுழியாக ஓடும் ஒளியும் ஒரே அலைநீளத்தில்தான் இருக்க வேண்டும். விளிம்பில் எங்கோ மிஞ்சியிருக்கும் நானோமீட்டர் சொரசொரப்பு ஒன்றை மற்றொன்றுக்குள் திருப்பிவிடுவதால் இரண்டாகப் பிரிகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியும் எளிதில் காட்ட முடியாத மேடு பள்ளத்தை ஒளி தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிறது.

இப்போது எரியவைக்கலாமா? மேலிருந்து இன்னொரு லேசர் ஒளியைத் தட்டின் மேல் விழச் செய்கிறார்கள். அது எலக்ட்ரான்களைத் தூக்கிவிட, அவை புள்ளிகளுக்குள் விழுந்து ஒளியாகின்றன. முதலில் மங்கலான, அகன்ற மினுக்கல். ஊட்டத்தைக் கூட்டுகிறார்கள். அகன்ற மினுக்கலின் நடுவே ஊசி போல ஒரு முனை எழுகிறது. இன்னும் கூட்டினால் முனை மட்டும் விறுவிறுவென்று வளர்கிறது. உள்ளே விடும் சக்தியையும் வெளியே வரும் ஒளியையும் கோடாக வரைந்தால், ஓர் இடத்தில் கோடு முழங்கால் போல மடங்கி மேலே திரும்பும். அந்த மடக்குதான் பயன்தொடக்கம். நம் தட்டில் அது ஒரு மைக்ரோவாட்டில் மடங்கியது.

ஒரு மைக்ரோவாட்டோடு யாரும் நிற்கவில்லை. ஒளிப்படிகம் என்று ஒன்று உண்டு. மெல்லிய படலத்தில் சீராகத் துளைகள் இட்டு, நடுவில் ஓரிரு இடங்களில் மட்டும் துளை இடாமல் விட்டுவிட்டால் அங்கே ஒளி சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட கூட்டில் இரண்டு முதல் நான்கு புள்ளிகளே லேசருக்குப் போதும் என்று 2006-இல் சாண்டா பார்பரா கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. 2010-இல் அரகாவாவின் டோக்கியோ குழு ஒரே ஒரு புள்ளியோடு வந்தது; 1982-இல் காகிதத்தில் எழுதியவர் இருபத்தெட்டு வருடம் கழித்து ஒற்றைப் புள்ளி லேசரை முன்னால் வைக்கிறார் என்றால் எப்படி இருந்திருக்கும்! 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் யெலெனா வுச்கோவிச்சின் குழு மின்சாரத்தாலேயே ஓட்டியது. தேவைப்பட்ட மின்னோட்டம் 181 நானோஆம்பியர், 50 கெல்வின் குளிரில்.

இங்கே வந்ததும் ஒரு விசித்திரம். சாதாரணக் குறைகடத்தி லேசரில் தன்னிச்சையாகப் பிறக்கும் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குதான் லேசர் அலைக்குள் போய்ச் சேரும். மற்றதெல்லாம் நாலாபக்கமும் வீண். கூடு சின்னதாகும்போது ஒளி போவதற்கு வேறு பாதைகளே இல்லாமல் போகின்றன. அணு எவ்வளவு வேகமாக ஒளியை விடும் என்பதை அதைச் சுற்றியுள்ள கூடு மாற்றிவிடும் என்று 1946-இலேயே எட்வர்ட் பர்செல் சொல்லிவிட்டார். ஆகவே பிறக்கும் ஒளியில் பெரும்பங்கு நேராக லேசர் அலைக்குள்ளேயே பிறக்கிறது. வீண் குறையக் குறைய முழங்கால் மடக்கு மழுங்குகிறது. வீணே இல்லாவிட்டால் மடக்கே இருக்காது. கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அப்போது லேசர் எப்போது தொடங்கியது என்று எதை வைத்துச் சொல்வது?

ஃபோட்டான்கள் வந்து சேரும் தாளத்தைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒளியைப் பாதிக் கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, இரண்டு உணர்கருவிகளில் விட்டு, இங்கே ஒரு டிக், அங்கே ஒரு டிக், இரண்டுக்கும் எவ்வளவு நேர இடைவெளி என்று எண்ணுகிறார்கள். விளக்கொளியில் ஃபோட்டான்கள் திருவிழாக் கூட்டம் போலக் கொத்துக் கொத்தாக வரும். ஒன்று வந்தால் கூடவே இன்னொன்று வர வாய்ப்பு அதிகம். லேசர் ஒளியில் அந்தக் கொத்து கலைந்துவிடும். சாண்டா பார்பரா குழு தங்கள் லேசரை இப்படித்தான் நிரூபித்தது.

இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர்கள் ராபர்ட் ஹான்பரி பிரவுன், ரிச்சர்ட் ட்விஸ். அவர்கள் 1956-இல் அதை வெளியிட்டது லேசருக்காக அல்ல, நட்சத்திரத்துக்காக. ராணுவத் தேடுவிளக்குகளின் கண்ணாடிகள் இரண்டைச் சிரியஸ் விண்மீனை நோக்கித் திருப்பி, இரண்டிலும் வரும் ஒளியின் துடிப்பை ஒப்பிட்டு அதன் அகலத்தை அளந்தார்கள். ஹான்பரி பிரவுன் எங்கே பிறந்தார் தெரியுமா? நீலகிரியில், ஊட்டி மலை ரயில் நின்று போகும் நம் அருவங்காட்டில், 1916-இல்! முதல்முறை இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். திருச்சிக்காரர் சுவரோரம் காது வைத்துக் கேட்ட கதையில், லேசரா இல்லையா என்ற கடைசிக் கேள்விக்கு அருவங்காட்டில் பிறந்தவரின் கருவி பதில் சொல்கிறது.

சோதனை நடக்கும் அறையில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். ஃபோட்டான்களோ கொஞ்சம், டிக் டிக்காகச் சேர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். திரையில் நடுவே ஒரு மேடு இருக்கும். கொத்தாக வருவதன் அடையாளம். ஊட்டத்தைச் சற்றுக் கூட்டி மறுபடி எண்ணுகிறார்கள். மேடு கொஞ்சம் தாழ்கிறது. இன்னும் கொஞ்சம் கூட்டல், இன்னொரு காத்திருப்பு. மேடு அமர்ந்து அமர்ந்து இரண்டு பக்கத் தரையோடு சமமாகிவிடுகிறது. திரையில் எதுவுமே இல்லாதது போல ஒரு தட்டைக் கோடு. லேசர் எரிகிறது!